கழுவாதீர்கள் என்று சொல்லும் வேலை

எங்கள் தயாரிப்பாளர் லண்டனில் படித்துவிட்டு வந்தவர். படிப்பைத் தவிர அங்கிருந்து ஒரு கம்பளிக் கோட்டையும் 'சம்மர் பிரேக்' என்ற சொல்லையும் கொண்டுவந்திருந்தார். கோட்டைப் போட்டுக்கொள்ள இந்த நாட்டில் வழியில்லை. சொல்லையாவது பயன்படுத்த வேண்டாமா? ஆண்டின் நடுவில் ஒரு நாள் கோலாலம்பூர் ஆபீசில் எங்களையெல்லாம் நிற்க வைத்து, படப்பிடிப்புக்கு ஒரு மாதம் சம்மர் பிரேக் என்று அறிவித்தார். எங்களுக்கு ஒன்றும் விளங்கவில்லை. மலேசியாவில் சம்மர் ஜனவரி முதல் தேதி தொடங்கி டிசம்பர் கடைசியில் முடிகிறது. நடுநடுவே மழை பெய்யும், அவ்வளவுதான். பிறகு கேமராமேன் சொல்லித்தான் விஷயம் தெரிந்தது. நாங்கள் வாடகைக்கு எடுத்திருந்த கேமராவைக் காற்பந்துப் போட்டி எடுக்கிறவர்கள் ஒரு மாதத்துக்குக் கூடுதல் வாடகை கொடுத்துக் கொண்டுபோய்விட்டார்களாம். கேமரா இல்லை என்பதை லண்டனில் இப்படித்தான் சொல்வார்கள் போலிருக்கிறது.

எண்பதுகளின் நடுவில் நடந்தது இது. தொலைக்காட்சிக்கு நிகழ்ச்சி தயாரித்துக் கொடுக்கும் சின்னக் கம்பெனி எங்களுடையது. ஊர் ஊராக வேனில் போவோம். வீடுகளில் இருக்கும் பழைய பொருள்களைக் கேமரா முன்னால் வைப்போம். மதிப்பீட்டாளர் பூதக்கண்ணாடி வழியாகப் பார்த்து, இது எந்தக் காலத்தது, எங்கே செய்தது, இன்றைக்கு என்ன விலை பெறும் என்று சொல்வார். வீட்டுக்காரர் வாயைப் பிளப்பார். உடனே விளம்பரம் வந்துவிடும். சீனர் வீடுகளில் பீங்கான் ஜாடி கிடைக்கும். மலாய்க்காரர் வீடுகளில் கிரிஸ் கத்தியோ வெள்ளி வெற்றிலைப் பெட்டியோ கிடைக்கும். தமிழர் வீடுகள் என் பொறுப்பு. கேமரா வருவதற்கு ஒரு வாரம் முன்னால் நான் பஸ்ஸில் போய், நல்ல பொருள் இருக்கும் வீட்டைத் தேடிப் பிடித்து, அந்த வீட்டுப் பெண்களிடம் ஒரே ஒரு வாக்கியத்தைச் சொல்லிவிட்டு வர வேண்டும். தயவுசெய்து கழுவாதீர்கள்.

இதற்குச் சம்பளம் கொடுத்தார்கள். இதற்காகத்தான் நான் கல்லூரிக்கு முந்தின ஆறாம் படிவம் வரை படித்திருந்தேன்.

வெளியாருக்கு இந்த வேலையின் கஷ்டம் புரியாது. நம் வீடுகளுக்கு விருந்தாளி வருகிறார் என்றால் முதலில் தகவல் போவது புளி ஜாடிக்கு. அடுத்தது அடுப்புச் சாம்பலுக்கு, தேங்காய் நாருக்கு. வருகிறவர் பக்கத்து வீட்டுக்காரர் என்றாலே குத்துவிளக்கு பளபளக்கும். வருவது தொலைக்காட்சி என்றால் கேட்கவா வேண்டும்? கழுவாதீர்கள் என்று நான் சொல்லும்போது எல்லாரும் தலையாட்டுவார்கள். வெளியூர்க்காரப் பெண், நாகரிகத்துக்காகச் சொல்கிறாள், இவள் சொல்கிறாள் என்று அழுக்கு விளக்கை வைத்தால் நாளைக்கு ஊர் யாரைப் பேசும் என்று அவர்கள் உள்ளுக்குள் நினைப்பது என் காதில் விழும். கமுந்திங்கில் ஒரு வீட்டில் நூறு வருடத்துப் பித்தளை விளக்கு இருந்தது. மடிப்பில் எல்லாம் பச்சைக் களிம்பு ஏறி, பார்க்கவே கண்கொள்ளாக் காட்சி. படப்பிடிப்பு நாளில் போனால், அன்றைக்குக் காலையில் கடையில் வாங்கியது போல் மின்னிக்கொண்டு நிற்கிறது. திரியில் இருந்த எண்ணெய்ப் பிசுக்கைக்கூட ஊசியால் நோண்டி எடுத்திருந்தார்கள். ஹுத்தான் மெலிந்தாங்கில் இன்னும் ஒரு படி மேல். கப்பலில் வந்த தேக்கு மரப்பெட்டி. கழுவ வேண்டாம் என்று சொன்னேன், கழுவவில்லை, பெயின்ட் அடித்துவிட்டார்கள். மீன்பிடிப் படகுக்கு அடித்ததுபோக மீந்த நீலப் பெயின்ட்.

எங்கள் மதிப்பீட்டாளர் யாழ்ப்பாணத்தார் வழி வந்தவர். அரசாங்க இலாகாவில் பெரிய பதவியில் இருந்து ஓய்வு பெற்றவர். நடு வெயிலிலும் டையைத் தளர்த்தமாட்டார். கேமரா முன்னால் மலாயும் ஆங்கிலமும் பேசுவார். மனசு நொந்தால் மட்டும் தமிழ் வரும். நீலப் பெட்டியைச் சுற்றி ஒரு தடவை நடந்து பார்த்துவிட்டு, பூதக்கண்ணாடியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு என்னிடம் வந்தார்.

"பிள்ளை, உங்கட சனத்துக்குப் பழசைக் கண்டால் என்ன கோபம்?"

உங்கட சனம் என்றதை நான் கவனித்தேன். அவருடைய சனம் வெள்ளிப் பன்னீர்ச் செம்பைக் கண்ணாடி அலமாரிக்குள் பூட்டி வைத்திருக்கும் சனம். பூட்டி வைக்க அலமாரியும் அலமாரி வைக்க அறையும் இருந்தால் எங்கள் சனமும் பூட்டித்தான் வைத்திருக்கும். இதை நான் அவரிடம் சொல்லவில்லை. சம்பளம் வாங்குகிறவள் எல்லாவற்றையும் சொல்லிக்கொண்டிருக்க முடியாது.

சம்மர் பிரேக் அறிவித்த அன்று தயாரிப்பாளர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். விடுமுறை முடிந்ததும் முதல் பயணம் பேராக் மாநிலத்துக்கு என்றார். அதில் தமிழர் வீட்டிலிருந்து உருப்படியாக ஒரு பொருள், ஒரே ஒரு பொருள், கழுவாததாக வேண்டும். இல்லையென்றால் தமிழ்ப் பகுதியை எடுத்துவிடுவோம். தமிழ்ப் பகுதி போனால் நானும் போகவேண்டியதுதான். இதை அவர் சிரித்துக்கொண்டே சொன்னார். கெட்ட செய்தியைச் சிரித்துக்கொண்டு சொல்வதும் லண்டன் படிப்புதான் என்று நினைக்கிறேன்.

இப்படியாக நான் சம்மர் பிரேக்குக்கு ஈப்போவுக்குப் போனேன், புந்தோங்கில் இருந்த அம்மாவின் வீட்டுக்கு. அப்பா இறந்து சில வருடம் ஆகியிருந்தது. நாங்கள் சிலிம் ரிவர் பக்கத்து ரப்பர்த் தோட்டத்து ஆட்கள். எழுபதுகளின் தொடக்கத்தில் தோட்டத்தைத் துண்டு துண்டாக வெட்டி விற்றபோது, லயத்து வீட்டைக் காலி செய்துவிட்டு ஈப்போவுக்கு வந்தோம். அம்மா பால்மரம் சீவிய கையால் பிஸ்கட் பெக்டரியில் பாக்கெட் போட ஆரம்பித்தார். நான் போன காலத்திலும் போட்டுக்கொண்டுதான் இருந்தார். உடைந்த பிஸ்கட்டை வீட்டுக்குக் கொண்டுவரலாம் என்பதால், முழு பிஸ்கட் எப்படி இருக்கும் என்று தெரியாமலே வளர்ந்தவள் நான்.

பக்கத்து வீட்டுக்காரர்களுக்கு என் வேலை என்னவென்று விளங்கவில்லை. டிவியில் வேலை என்றதும் ஆரம்பத்தில் மரியாதையாகப் பார்த்தார்கள். வீடு வீடாகப் போய்ப் பழைய சாமான் இருக்கிறதா என்று கேட்கும் வேலை என்று அம்மா விளக்கியதும், அந்த வேலையைத்தான் லாரியில் ஒலிபெருக்கி வைத்துக்கொண்டு வரும் பேப்பர் லாமாக்காரர் செய்கிறாரே, அவர் பழைய பேப்பரோடு போத்தலையும் எடுத்துக்கொள்கிறாரே என்றார்கள். அதிலும் ஒரு வேன் நிறைய ஆம்பளைகளோடு ஊர் ஊராகத் தங்குகிற பேப்பர் லாமா வேலையை ஒரு வயசுப் பெண் செய்யலாமா என்று கேட்டார்கள். எனக்கு வயது இருபத்தொன்பது. வயசுப் பெண் என்று சொன்னது அவர்கள் பெருந்தன்மை.

அம்மாவுக்கு அதே கவலைதான், வார்த்தைதான் கொஞ்சம் காரம். தரகர் ஒருவர் ஒரு மாப்பிள்ளையைக் கொண்டுவந்திருந்தார். கமுந்திங் தொழிற்பேட்டையில் சூப்பர்வைசர். நல்ல சம்பளம், குடி கிடையாது, கோயில் கமிட்டியில் இருக்கிறார். பெரிய குடும்பம், அண்ணன் தம்பி ஐந்து பேர், எல்லாரும் ஒரே வீடு, ஒரே அடுப்பு. அம்மா இதையெல்லாம் கைவிரலை மடக்கி மடக்கிச் சொன்னார். ஒரே அடுப்பு என்பதைச் சொல்லும்போது குரலில் ஒரு பெருமை இருந்தது. பிரிந்து போகாத குடும்பம் என்று அர்த்தம். மூத்த மருமகள் ஓய்ந்துபோய்விட்டார், வேறு ஆள் தேடுகிறார்கள் என்று எனக்குக் கேட்டது. அதையும் சொல்லவில்லை.

கடைசியில் எங்களுக்குள் ஒரு பேச்சு முடிவாயிற்று. பேராக் பயணத்தில் எனக்குப் பொருள் கிடைத்துவிட்டால் வேலை நிலைத்துவிடும், அப்புறம் அம்மா கல்யாணப் பேச்சை எடுக்கக்கூடாது. கிடைக்காவிட்டால் வேலை போய்விடும், நானும் வாயைத் திறக்காமல் கமுந்திங்குக்குத் தலையாட்ட வேண்டும். நான் சரி என்றேன். பேராக் முழுக்க லட்சம் தமிழர்கள் இருக்கிறார்கள், கழுவாத ஒரு பாத்திரமா இல்லாமல் போய்விடும் என்ற திமிர்.

லட்சம் பேரும் கழுவியிருந்தார்கள். ஈப்போ வெயிலில் குடையைப் பிடித்துக்கொண்டு தெருத் தெருவாக அலைந்தேன். சுண்ணாம்புக் குன்றுத் தூசியும் ஈயம் தோண்டும் லம்பத் தூசியும் சேர்ந்து எல்லாத் தலைகளையும் நரைக்க வைக்கும் ஊரில், சமையலறைகள் மட்டும் நகைக்கடை மாதிரி இருந்தன. ஒரு வீட்டில் உரலைக்கூடச் சுண்ணாம்பு அடித்து வைத்திருந்தார்கள். விடுமுறை பாதிக்கு மேல் கரைந்துவிட்டது. இரவில் சாப்பாடு இறங்கவில்லை. அம்மா மட்டும் தட்டில் இரண்டாவது தடவையாகச் சோறு போட்டுக்கொண்டார்.

பொருள் கிடைத்தது எங்கள் வீட்டிலேயே. குடை கிழிந்துபோய், தைக்க ஊசி தேடிக் கட்டிலுக்கு அடியில் இருந்த பெட்டியை இழுத்தபோது, பின்னால் சாக்கில் சுற்றி ஒன்று இருந்தது. பிரித்தால், வெண்கலப் பானை. இரண்டு கையால் தூக்க வேண்டிய கனம். கையால் வார்த்த கனத்த விளிம்பு, கழுத்தைச் சுற்றி அலையலையாக ஒரு வரி. அடியிலிருந்து தோள் வரைக்கும் கரி, விரல் நகத்தால் சுரண்டினாலும் வராத கரி. கரிக்கு மேலே வெண்கலம் கறுப்பும் பச்சையுமாக நிறம் மாறியிருந்தது. மதிப்பீட்டாளர் இந்த நிறத்துக்கு பேட்டினா என்று ஒரு பெயர் சொல்வார். காலம் தன் கையால் பூசுகிற தோல், அதை எந்தக் கொல்லனும் செய்ய முடியாது என்பார். அழுக்குக்கு இவ்வளவு அழகான பெயர் வைக்க, வீட்டில் பாத்திரம் தேய்க்காதவராக இருக்க வேண்டும்.

அம்மா பெக்டரியிலிருந்து வந்ததும் கேட்டேன். அப்பாவின் அம்மா ஊரிலிருந்து கப்பலில் கொண்டுவந்தது என்றார். அப்பாதான் தூக்கிப்போட விடாமல் இங்கே வரைக்கும் கொண்டுவந்தாராம். அந்தச் சனியன் இன்னுமா இருக்கு என்று மட்டும் கேட்டுவிட்டுக் கை கழுவப் போனார். எனக்கு இருந்த சந்தோஷத்தில் சனியனும் சரஸ்வதியும் ஒன்றாகத்தான் தெரிந்தது. அம்மாவை உட்கார வைத்து, வேலைக்குப் போகும் இடங்களில் எல்லாம் சொல்வதைச் சொன்னேன். கழுவக்கூடாது. புளி படக்கூடாது. ஈரத்துணியால் துடைக்கவும் கூடாது. முனியாண்டி மேல் சத்தியம் செய்யச் சொன்னேன்.

"நான் ஏன்லா அதைத் தேய்க்கப் போறேன்?" என்றார் அம்மா. "சத்தியமா தேய்க்கமாட்டேன்."

முனியாண்டி சாட்சியாக அதை நம்பினேன். தயாரிப்பாளருக்குப் போன் போட்டு, கிடைத்துவிட்டது என்றேன். என் சொந்த வீடு என்றதும் அவருக்கு இன்னும் சந்தோஷம். நிகழ்ச்சியில் வேலை செய்கிறவள் வீட்டிலேயே புதையல் என்றால் பார்க்கிறவர்களுக்குப் பிடிக்குமாம்.

விடுமுறை முடிந்து கோலாலம்பூருக்குத் திரும்பி, அங்கிருந்து வேனில் மறுபடியும் வடக்கே கிளம்பினோம். சம்மர் முடிந்துவிட்டது என்பதற்கு அடையாளமாக வேனின் குளிர்சாதனம் நின்றுபோயிருந்தது. முதல் நாள் சிலிம் ரிவர். நான் பிறந்த தோட்டத்துக்குப் பக்கத்திலேயே படப்பிடிப்பு. தோட்டம் இருந்த இடத்தில் பாதி எண்ணெய் எடுக்கும் செம்பனை, பாதி காடு. வெள்ளைக்காரத் துரையின் பங்களாவை வாங்கியிருந்த ஈப்போ முதலாளி ஒருவர், துரை விட்டுப்போன சாய்வு நாற்காலியைக் காட்டினார். மதிப்பீட்டாளர் அதைத் தடவிக்கொடுத்தார். துரை அதில் எப்படிக் காலை நீட்டிப் படுத்திருப்பார் என்று நடித்தும் காட்டினார். லயத்து வீடுகள் இருந்த இடத்தில் வெறும் சிமெண்டுத் தரை மட்டும் புல்லுக்குள் தெரிந்தது. அதைக் கேமராமேன் எடுக்கவில்லை. சிமெண்டுக்கு பேட்டினா கிடையாது.

மறுநாள் ஈப்போ. வேனில் வரும்போது மதிப்பீட்டாளர் நல்ல மனநிலையில் இருந்தார். உண்மையாகவே கரியோடு இருக்கிறதோ என்று மூன்று தடவை கேட்டார். மூன்று தடவையும் ஆமாம் ஐயா என்றேன்.  ஜெயித்துவிட்டேன் என்ற எண்ணத்தில் கமுந்திங் சூப்பர்வைசருக்காகக் கொஞ்சம் பரிதாபப்பட்டுக்கொண்டே வந்தேன்.

வீட்டு வாசலில் கோலம். அம்மா பட்டுச் சேலையில் நின்றார். அக்கம்பக்கத்துப் பெண்கள் சன்னலோரம் நின்றார்கள். உள்ளே போனால் கண் கூசியது. கூடத்து மேசையில் வெள்ளை விரிப்பு போட்டு, அதன்மேல் எவர்சில்வர். பெரிய அண்டா, அதைவிடச் சின்ன அண்டா, தூக்குவாளி, சம்படம், வரிசையாகத் தம்ளர். எல்லாம் புத்தம் புதியவை, கடை ஸ்டிக்கரைக்கூடப் பிய்க்கவில்லை. தம்ளர்களில் பெயர் வெட்டியிருந்தது. என் பெயர். கேமராமேனின் விளக்கைப் போட்டதும் மேசை முழுக்கப் பற்றி எரிவது போல் மின்னியது.

பானை எங்கே என்று கேட்டேன்.

"நான் தேய்க்கவே இல்லலா. சத்தியம் பண்ணேன்ல" என்றார் அம்மா. டவுனில் பாத்திரக்கடையில் பழைய வெண்கலத்தை எடைக்குப் போட்டுப் புது எவர்சில்வராக மாற்றிக்கொண்டு வந்திருந்தார். டிவிக்காரர்கள் வீடு தேடி வருகிறார்கள், உன் முதலாளி வருகிறார், கட்டிலுக்கு அடியில் இருக்கிற கரிப்பானையையா நாட்டுக்கே காட்டுவது, நம்மைப் பிச்சைக்காரர்கள் என்று நினைக்கமாட்டார்களா என்று கேட்டார். எப்படியும் உன் கல்யாணச் சீருக்கு ஆகும் என்று உன் பேரையே வெட்டிவிட்டேன் என்றார். அவருக்கு நான் ஏன் சுவரில் சாய்ந்தேன் என்று புரியவில்லை.

கடைக்கு ஓடினேன். பட்டுச் சேலை அம்மாவும் வேன் நிறைய ஆட்களும் காத்திருக்க, வியர்க்க வியர்க்க ஓடினேன். பழைய உலோகம் எல்லாம் அன்றைக்குக் காலை லாரியில் பினாங்குக்கு உருக்கப் போய்விட்டது என்றார் கடைக்காரர். எங்கள் பானை நல்ல சுத்தமான வெண்கலம், அருமையாக உருகும் என்றும் பாராட்டினார்.

திரும்பி வந்தபோது தயாரிப்பாளர் சிரித்துக்கொண்டிருந்தார். அந்தச் சிரிப்பைப் பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. ஆனால் விளக்குக்கும் கேமராவுக்கும் ஒரு நாள் வாடகை கொடுத்தாயிற்று, எதையாவது எடுத்து வைப்போம் என்றார். மதிப்பீட்டாளரும் அம்மாவும் எவர்சில்வருக்குப் பின்னால் இரண்டு நாற்காலியில் உட்கார்ந்தார்கள். மதிப்பீட்டாளர் டையைத் தளர்த்தியதை அன்றைக்குத்தான் முதன்முதலில் பார்த்தேன். கேமரா ஓடுகிறது என்பதையும் மறந்து தமிழிலேயே கேட்டார்.

"அம்மா, நீங்கள் குடுத்துப் போட்டது விலைமதிக்க ஏலாத சாமான். தெரியுமோ?"

அம்மா கேமராவைப் பார்க்கவில்லை. அதற்குப் பக்கத்தில் நின்ற என்னைப் பார்த்தார்.

"வெலை இருந்துச்சுன்னா அதை நான் குடுத்துட்டேன் ஐயா" என்றார். "கல்யாணமாகி வந்த மறுநாளே அந்தப் பானையை என் கையில குடுத்தாங்க. கொழுந்தனுங்க அஞ்சு பேரு. பெரட்டுக்கு மணி அடிக்கிறதுக்கு முந்தி சோறு எறங்கணும். காட்டுக்குப் போயி மரம் சீவிட்டு வந்து மத்தியானம் அதைத் தேய்க்கணும். எங்க மாமியா வந்து குனிஞ்சு பாப்பாங்க. பானையில அவங்க மூஞ்சி தெரியணும். தெரியலைன்னா எனக்குச் சோறு கெடையாது."

பெரட்டு என்பது தோட்டத்தில் விடிவதற்கு முன் ஆட்களை வரிசையில் நிறுத்திப் பெயர் கூப்பிடுவது. அதற்கு முந்தி சோறு இறங்க வேண்டும் என்றால் எத்தனை மணிக்கு அடுப்புப் பற்ற வைத்திருப்பார் என்று நான் அங்கே நின்றபடி கணக்குப் போட்டுப் பார்த்தேன்.

அப்படியானால் பானையில் கரி எப்படி வந்தது என்று மதிப்பீட்டாளர் கேட்டார். குரல் இறங்கியிருந்தது.

"அவங்க கருமாதிக்குச் சோறாக்குனது அதுலதான். அன்னியோட நான் அதைத் தேய்க்கல."

நான் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடிய அந்தக் கரியும் களிம்பும் காலம் செய்த வேலை இல்லை. என் அம்மா செய்ய மறுத்த வேலை. இருபத்தைந்து வருடத்துக்கு மேலாகக் கட்டிலுக்கு அடியில் ஒரு வேலைநிறுத்தம் நடந்திருக்கிறது, அதன்மேல் படுத்துத் தூங்கிய எனக்குத் தெரியாது.

 மதிப்பீட்டாளர் தம்ளர் ஒன்றை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு வைத்தார். யாரும் நிறுத்தச் சொல்லும் வரைக்கும் காத்திராமல் கேமராமேன் தானே நிறுத்தினார். தயாரிப்பாளருக்குத் தமிழ் தெரியாது. என்ன சொன்னார்கள் என்று என்னைக் கேட்டார். மலாயில் சொல்ல ஆரம்பித்தேன். மூஞ்சி தெரியணும் என்ற இடம் வந்ததும் என்னால் முடியவில்லை, எல்லார் முன்னாலும் அழுதுவிட்டேன். மிச்சத்தை மதிப்பீட்டாளர்தான் சொல்லி முடித்தார்.  தயாரிப்பாளர் கல் நெஞ்சக்காரர் இல்லை. ஆனால் பொருளே இல்லாமல் பழம்பொருள் நிகழ்ச்சியை எப்படிப் போடுவது என்று கேட்டார். அவர் கேட்டதில் தப்பில்லை. உன் விஷயத்தைக் கோலாலம்பூர் போய்ப் பேசலாம் என்றார். வேலையை விட்டு நிறுத்துவதற்கு லண்டனில் என்ன சொல்வார்களோ, அதன் மொழிபெயர்ப்பு இது.

ஆட்கள் விளக்கைக் கழற்றிக்கொண்டிருந்தார்கள். நான் சமையலறைக்குப் போனேன். அம்மா எல்லாருக்கும் தேத்தண்ணி கலக்கிக்கொண்டிருந்தார். நான் தோற்றுவிட்டேன், பேசினபடி நடந்துகொள்கிறேன், கமுந்திங்காரர்களை வரச் சொல்லுங்கள் என்றேன். கோபத்தில் சொல்லவில்லை. பானையைத் தொலைத்தார் என்று அவர் மேல் கோபப்பட எனக்கு அப்போது தெம்பில்லை. கோபப்பட உரிமை இருப்பதாகவும் தோன்றவில்லை.

அம்மா கலக்குவதை நிறுத்தவில்லை. சீனி கரைந்த பிறகும் கரண்டி சுற்றிக்கொண்டே இருந்தது.

"அந்த வீட்டுலயும் அஞ்சு பேரு" என்றார்.

பிறகு கரண்டியை வைத்துவிட்டு, சேலைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டு கூடத்துக்குப் போனார். நான் பின்னாலேயே போனேன். தயாரிப்பாளர் வாசலில் சப்பாத்து மாட்டிக்கொண்டிருந்தார். அம்மா பெக்டரியில் சூப்பர்வைசரிடம் பேசும் மலாய் ஒன்று வைத்திருந்தார். இலக்கணம் கிடையாது, பயமும் கிடையாது. அவர் முன்னால் போய் நின்றார்.

"அனாக் சாயா இக்குட். பெசோக் புக்குல் பெராப்பா?"

என் மகள் வருகிறாள், நாளைக்கு எத்தனை மணிக்கு என்று அர்த்தம். வரலாமா என்று கேட்கவில்லை. மணியைத்தான் கேட்டார். தயாரிப்பாளர் என்னைப் பார்த்தார், மதிப்பீட்டாளரைப் பார்த்தார். மதிப்பீட்டாளர் தளர்த்திய டையை இறுக்கிக்கொண்டு, சீக்கிரம் சொல்லுங்கள், அம்மா காத்திருக்கிறார் என்று ஆங்கிலத்தில் சொன்னார். லண்டனில் படித்த மனிதருக்கு இந்த மாதிரி ஒரு கேள்விக்குப் பதில் சொல்லப் பாடம் நடத்தியிருக்கவில்லை. கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

ஏழு மணி என்றார்.

அம்மா தலையாட்டிவிட்டு அவருக்குத் தண்ணி எடுத்துக் கொடுத்தார். அன்றைக்குச் சாயங்காலமே பட்டுச் சேலையை மாற்றாமல் தரகர் வீட்டுக்கு நடந்து போனார். கமுந்திங் பேச்சு அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் எழவில்லை. காலையில் நான் எழுந்தபோது என் பெட்டி மூடிக் கட்டி வாசலில் இருந்தது. அம்மா பெக்டரிக்குப் போய்விட்டிருந்தார்.